தடுப்பூசி போட்டும் கோழி சாகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடுங்கள்

"ஊசி போட்டாச்சு, ஆனாலும் கோழி சாகுது, மருந்துதான் டூப்ளிகேட்." இந்தப் புகாரைக் கேட்காத கால்நடை மருத்துவர் இருக்க மாட்டார். மருந்தே கெட்டிருப்பதும் உண்டுதான். ஆனால் குப்பியைத் திறந்த நேரத்திலிருந்து கோழியின் கண்ணுக்கோ வாய்க்கோ போய்ச் சேருவதற்குள் கெடுவது அதைவிட அதிகம். அதுவும் இல்லையென்றால் வந்திருப்பது வேறு நோயாக இருக்கும், அல்லது அதே நோய் ஊசிக்கு முன்னாலேயே கூட்டத்துக்குள் நுழைந்திருக்கும். இந்தக் காரணங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆய்வகம் பிரித்துச் சொல்லும், ஆனால் சரியான மாதிரி சரியான நாளில் கெடாமல் அங்கே போய்ச் சேர வேண்டும். உங்கள் கோழிகளிடம் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## திடீரென்று கொத்துக் கொத்தாகச் சாவு

நேற்று வரை நன்றாகத் தின்ற கூட்டம் இன்று காலையில் சரிந்து விழுகிறது, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்திருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது, கால் தோலுக்கு அடியில் ரத்தத் திட்டு தெரிகிறது, முட்டை ஒரேயடியாக நின்றுவிட்டது. இங்கே கத்தியை எடுக்காதீர்கள். வீரியமான வெள்ளைக்கழிச்சலும் (ராணிக்கெட், நியூகேசில் என்று சொல்வதெல்லாம் இதுதான்) பறவைக் காய்ச்சலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். அறுத்துப் பார்த்தாலும் அனுபவசாலிகூட இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடியது. செத்த கோழியை அறுக்காமல், விற்காமல், வெளியே வீசாமல், கோழி, முட்டை, கூளம், தட்டு, வண்டி எதுவும் பண்ணையை விட்டு நகராமல் நிறுத்திவிட்டு அரசுக் கால்நடை மருத்துவத் துறைக்குச் சொல்லுங்கள். மாதிரி எடுப்பது இங்கே அவர்கள் வேலை. தொட்டே ஆக வேண்டும் என்றால் கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் வேண்டும். பண்ணையில் வேலை செய்யும் யாருக்காவது காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், கோழிகளோடு இருந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

## ஊசி போட்ட சில நாளில் தும்மல், கண்ணில் நீர்

லசோட்டா (வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து) மாதிரி வீரியம் குறைந்த உயிர் வைரஸ் மருந்து கொடுத்த மூன்றாம் நாள் வாக்கில் லேசான தும்மலும் கொஞ்சம் சோர்வும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வைரஸ் மூச்சுப்பாதையில் பெருகுகிறது, மருந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாரத்தில் அடங்க வேண்டும்.

அடங்காமல் கரகரப்பு கூடிக்கொண்டே போனால் மருந்தின் மேல் பழி போடும் முன் கொட்டகையைப் பாருங்கள். காலையில் உள்ளே நுழைந்ததும் கண் எரிகிறதா? அப்படியானால் அம்மோனியா கோழி தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. 25 பிபிஎம்மிலேயே (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) மூச்சுக்குழலின் மெல்லிய முடிகள் கெட ஆரம்பித்துவிடும், ஆனால் தினம் உள்ளேயே இருப்பவர் மூக்கு பழகிப்போய் அது உறைக்காது, வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பது நல்லது. அடுத்த சந்தேகம் மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சுநோய்க் கிருமி. கூட்டத்தில் அது ஏற்கெனவே பதுங்கியிருந்தால் சாதாரண ஊசி எதிர்வினைகூட நெடுநாள் சளியாக இழுக்கும், பின்னாலேயே ஈகோலை கிருமியும் வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே எடுக்க வேண்டிய மாதிரி, சளி உள்ள ஐந்தாறு கோழிகளின் வாய் அண்ணப் பிளவிலிருந்து ஸ்வாப் (குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி), கூடவே ரத்தம். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால் எடுங்கள். கொடுத்துவிட்டு எடுத்தால் கிருமி வளராது, "எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் வரும், நீங்கள் அதை நம்பிவிடுவீர்கள்.

## ஊசி போட்ட இரண்டு மூன்று நாளிலேயே நோய் வெடிக்கிறது

இது ஊசியால் வந்தது இல்லை. வெள்ளைக்கழிச்சலுக்கு உடம்பில் நுழைந்து அறிகுறி காட்ட பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சில சமயம் இரண்டே நாள், சில சமயம் இரண்டு வாரம். உயிர் மருந்து கொடுத்தாலும் நம்பத்தக்க எதிர்ப்பு உருவாக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். ஆக நீங்கள் ஊசி போடும்போதே நோய் உள்ளே இருந்திருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் சாவு என்று கேள்விப்பட்டு அவசரமாக ஊசி போடும்போதுதான் இப்படி அதிகம் நடக்கும். நோயுள்ள கூட்டத்தில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்திக்கொண்டு போனால் நோயை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்.

## தண்ணீரில் கொடுத்தோம், பாதிக் கோழிக்குப் பிடிக்கவில்லை

அதிகம் சொதப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விலாவாரியாகப் பார்ப்போம்.

முதல் சந்தேகம் குளோரின். குடிநீரில் இருக்கும் குளோரின், குழாய் கழுவிய மருந்தின் மிச்சம், அமில மருந்து, எல்லாமே வைரஸைக் கொன்றுவிடும். ஊசிக்கு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே குளோரின் கலப்பதை நிறுத்துங்கள். கொழுப்பு நீக்கிய பால் பவுடரை லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கில், அதாவது 100 லிட்டருக்குக் கால் கிலோ, முதலில் கலந்து இருபது நிமிடம் விட்டு அப்புறம்தான் மருந்தைக் கலக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் பால் குளோரினைப் பிடித்து அடக்குவதற்குள் குளோரின் வைரஸைப் பிடித்துவிடும். துருப்பிடித்த இரும்பு வாளி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். குப்பியைத் தண்ணீருக்குள் முக்கித் திறப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது, நேரமும் அளவும். எவ்வளவு தண்ணீர் என்பதற்குப் புத்தகக் கணக்கு பல உண்டு, எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. முந்தின நாள் அதே நேரத்தில் உங்கள் கோழிகள் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு குடிக்கின்றன என்று அளந்து பாருங்கள், அதுதான் உங்கள் கணக்கு. ஊசியன்று விடியற்காலையில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் இன்னும் குறைவாக, தாகம் மீறினால் முட்டி மோதிக் கொட்டிவிடும். கலந்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும், அதற்காக அரை மணி நேரத்தில் தீர்ந்தாலும் தப்பு, பலமான கோழி மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கும், ஓரத்தில் நிற்கும் நோஞ்சான் வரும்போது குழாய் காலி. நடுவில் இரண்டு மூன்று தடவை கொட்டகைக்குள் நடந்து படுத்திருப்பதை எழுப்பிவிடுங்கள்.

நிப்பிள் குழாய் என்றால் பழைய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, மருந்துத் தண்ணீர் கடைசி முனையில் எட்டிப் பார்த்த பிறகே கோழிகளுக்கு இறக்கிவிட வேண்டும். எட்டிவிட்டதா என்று எப்படித் தெரியும்? இதற்குத்தான் நீலச் சாயம். தடுப்பூசிக்கென்றே விற்கும் சாயத்தைக் கலந்தால் குழாய் முனையிலும் தெரியும், கோழியிலும் தெரியும். கொடுத்து முடித்ததும் கொட்டகையின் நாலு மூலையிலும் நடுவிலும் ஆக ஒரு நூறு கோழியைப் பிடித்து வாயைத் திறந்து பாருங்கள். நாக்கு நுனியும் அலகின் உள் ஓரமும் நீலமாக இருக்கும், தொண்டைக்குக் கீழே தீனிப்பையின் மேல் இறகை ஒதுக்கினால் தோல் வழியாகவும் நீலம் தெரியும். தொண்ணூறுக்கு மேல் நீலம் என்றால் சரி. எழுபது என்றால் முப்பது சதவீதக் கோழி வெறும் வாயோடு இருக்கிறது, நோய்க்கு அது போதும். எந்த மூலையில் நீலம் குறைவு என்று குறித்துக்கொண்டால் எந்தக் குழாய் வரிசையில் கோளாறு என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும், டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு) பரிசோதனைக்காக மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

## கண் சொட்டு கொடுத்தோம், சில கோழிக்கு மட்டும் பிடித்திருக்கிறது

சொட்டு விழுந்ததும் கோழியைக் கீழே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். சொட்டு கண்ணுக்குள் விரிந்து, கோழி இமைத்து, அது உள்ளே இறங்கும் வரை கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு விநாடி வேலை, ஆயிரமாவது கோழியில் யாருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை, ஆட்களை மாற்றி மாற்றி விடுங்கள். கரைத்த மருந்தை மொத்தமாக ஒரே ஆளிடம் கொடுக்காமல் ஒரு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் கரைத்து, மிச்சக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் மூடி வையுங்கள். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்த குப்பி உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் இந்த வைரஸ் நம் கண்ணையும் சில நாள் சிவக்க வைக்கும்.

## அம்மை ஊசி போட்டும் இறக்கையில் எதுவும் இல்லை

ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இறக்கைச் சவ்வைத் தடவிப் பாருங்கள். குத்திய இடத்தில் சின்ன வீக்கமோ பொருக்கோ இருந்தால் பிடித்திருக்கிறது. ஐம்பது கோழியில் நாற்பதுக்குக் கீழே இருந்தால் திரும்பப் போட வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், குத்தியவர் இரட்டை ஊசியை ஒவ்வொரு கோழிக்கும் மருந்தில் முக்கினாரா, இறகு அதைத் துடைத்துவிட்டதா என்று கேளுங்கள். ஏற்கெனவே அம்மை எதிர்ப்பு உள்ள கோழியிலும் பொருக்கு வராது.

## எண்ணெய் ஊசிக்குப் பின் நொண்டல், தலை வீக்கம், கட்டி

எண்ணெய் ஊசி என்பது செத்த வைரஸை எண்ணெயில் கலந்த மருந்து. அது போன இடத்தைக் கேளுங்கள். கழுத்தில் தலைக்கு மிக அருகில் போட்டால் முகம் வீங்கும், தொடையில் போட்டால் நொண்டும். கழுத்தின் நடுவில், முதுகுப் பக்கத்துத் தோலைக் கூடாரம் போல் தூக்கி அதன் அடியில், ஊசிமுனை தலையை விட்டு உடம்பைப் பார்த்து இருக்கும்படி போட வேண்டும். மருந்து பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு இல்லாமல் அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கெட்டியாக இருந்து அளவும் தப்பும், கட்டியும் விழும். இந்த வகை மருந்து ஒரு தடவை உறைந்தால் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும், குலுக்கிச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் மருந்து தவறி உங்கள் விரலில் குத்திவிட்டால் துளி ரத்தம்தானே என்று விடாதீர்கள். விரலையே இழக்கும் அளவுக்குப் போகலாம், குப்பியின் அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

## குஞ்சுக்குக் கம்போரோ ஊசி போட்டும் கம்போரோ

கம்போரோ என்பது குஞ்சின் பர்சா என்ற நோய் எதிர்ப்பு உறுப்பைத் தாக்கும் வைரஸ் நோய். தாய்க்கோழி முட்டை வழியாகக் குஞ்சுக்கு எதிர்ப்பொருள் கொடுத்து அனுப்புகிறது. அது அதிகமாக இருக்கும்போது ஊசி போட்டால் ஊசி வைரஸையே அடித்துக் கொன்றுவிடும், குஞ்சுக்கு எதுவும் மிஞ்சாது. காத்திருந்து போட்டால் அதற்குள் வெளி வைரஸ் முந்திக்கொள்ளலாம். வெவ்வேறு தாய்க்கூட்டத்துக் குஞ்சுகளை ஒரே கொட்டகையில் கலந்துவிட்டிருந்தால் இன்னும் வம்பு, பாதிக்கு ஊசி சீக்கிரம், பாதிக்கு ஊசி தாமதம்.

இதற்கு ஊகம் வேண்டாம். பொரித்த முதல் சில நாளுக்குள் இருபது குஞ்சு போல ரத்தம் எடுத்து எலைசா (எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை) பார்த்தால், எதிர்ப்பொருள் எவ்வளவு வேகத்தில் குறையும் என்று கணக்கிட்டு ஊசி நாளைச் சொல்லிவிடலாம். டெவென்டர் சூத்திரம் என்று அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆய்வகத்தில் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள். கறிக்கோழிக் குஞ்சில் எதிர்ப்பொருள் வேகமாகக் கரையும், முட்டைக்கோழிக் குஞ்சில் மெதுவாக. நோய் வந்தே விட்டது என்றால், செத்த குஞ்சில் ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சாவைப் பாருங்கள்: ஆரம்பத்தில் வீங்கி, மஞ்சள் கூழ் பூசியது போல், சில சமயம் ரத்தமாக இருக்கும், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சுருங்கிப்போயிருக்கும். அதனால் பர்சா மாதிரியை நோயின் முதல் நாட்களிலேயே எடுங்கள். பாதியை ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) போடுங்கள், பாதி குளிரில் இருக்கட்டும்.

## டைட்டர் ரிப்போர்ட் குழப்புகிறது

வெள்ளைக்கழிச்சலுக்கு ஹெச்ஐ என்ற எதிர்ப்பொருள் பரிசோதனையில், ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரை (சீரம்) 16 மடங்கு நீர்த்தும் வேலை செய்தால், அதாவது 2-இன் அடுக்கில் 4 வந்தால், எதிர்ப்பொருள் இருக்கிறது என்று கொள்வார்கள். பலர் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். சராசரியை விட பரவலைப் பாருங்கள். சில கோழிக்கு 7, சில கோழிக்கு 1 என்று சிதறியிருந்தால் மருந்து நன்றாகத்தான் இருந்திருக்கிறது, கொடுத்த விதத்தில் கோளாறு. எல்லாக் கோழிக்கும் ஒன்று போலக் குறைவு என்றால் மருந்து செத்திருக்கிறது, அல்லது தாய் எதிர்ப்பொருள் தின்றுவிட்டது, அல்லது ரத்தம் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். உயிர் மருந்துக்கு இரண்டு மூன்று வாரமும் எண்ணெய் மருந்துக்கு நாலு வாரத்துக்கு மேலும் விட்டுத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். எல்லாமே ஒரேயடியாக எதிர்பார்த்ததை விட மிக உயரத்தில் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், நிஜ வைரஸ் வந்துவிட்டுப் போயிருக்கலாம்.

## பிசிஆர் பாசிட்டிவ், கோழியோ நன்றாக இருக்கிறது

உயிர் மருந்து எப்போது கொடுத்தீர்கள்? பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) ஊசி வைரஸையும் வைரஸாகத்தான் பார்க்கும். ஊசி போட்டுச் சில வாரத்துக்குள் எடுத்த ஸ்வாபில் பாசிட்டிவ் வந்தால் அது எந்த வகை என்று பார்க்க வெள்ளைக்கழிச்சல் வைரஸின் எஃப் மரபணுவில் வெட்டுப்பகுதியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், வீரியம் எவ்வளவு என்று அதில் தெரியும். ஊசி போட்ட தேதியைப் படிவத்தில் எழுதாமல் விட்டால் ஆய்வகத்துக்கு இந்தச் சந்தேகமே வராது.

## "மாதிரி பரிசோதனைக்கு ஏற்றதல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்

சீரம் சிவப்பாக இருந்தால் ரத்த அணு உடைந்திருக்கிறது. இறக்கை முழங்கை மடிப்பின் மேல் ஓடும் நரம்பில் எடுக்கும்போது சிரிஞ்சைச் சட்டென்று இழுக்காதீர்கள், நரம்பு ஒட்டிக்கொள்ளும், அணுவும் உடையும். ஒன்றரை மி.லி. போதும். ஊசியைக் கழற்றிவிட்டுக் குழாயின் சுவரோடு மெதுவாக வழிய விடுங்கள். குழாயைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் சாய்த்துப் படுக்க வைத்து, நிழலில், அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் கட்டி ஒதுங்கி வைக்கோல் நிறத்தில் சீரம் மேலே தெளிந்து நிற்கும். எடுத்த உடனே ஐஸில் வைத்தால் சரியாக உறையாது, சீரம் கொஞ்சம்தான் பிரியும். பிரித்த சீரத்தை உறைய வைக்கலாம், பிரிக்காத ரத்தத்தை உறைய வைக்கவே கூடாது.

ஸ்வாபுக்குப் பருத்தி சுற்றிய மரக்குச்சி வேண்டாம், செயற்கை இழை சுற்றிய பிளாஸ்டிக் குச்சி வேண்டும். மரமும் பருத்தியும் பிசிஆரைக் கெடுக்கும். ஆசனவாய் ஸ்வாபில் எச்சம் லேசாகவாவது ஒட்டியிருக்க வேண்டும். வைரஸ் கெடாமல் காக்கும் திரவத்தில் முக்கி ஐஸ் கட்டிப் பைகளோடு 4 டிகிரியில் அனுப்புங்கள். வீட்டு பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வைரஸை வளர்த்துப் பார்ப்பது கஷ்டம்.

செத்த கோழியை முழுதாக அனுப்புவதானால் செத்துச் சில மணி நேரத்துக்குள் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பையில் கட்டிக் குளிரில் வையுங்கள், உறைய வைக்காமல். மூன்று நாள் பழசை அனுப்புவதை விட நோயோடு உயிருடன் இருக்கும் இரண்டு கோழியை அனுப்புவது எவ்வளவோ மேல். உறுப்புத் துண்டு என்றால் ஃபார்மலினுக்கு ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம், துண்டைப் போல் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலின் வேண்டும், அதையும் உறைய வைக்கக் கூடாது. கிருமி வளர்க்கும் மாதிரியை ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள், ஆவியே கிருமியைக் கொன்றுவிடும். குடலைக் கல்லீரலோடு ஒரே பையில் போடவும் வேண்டாம்.

எத்தனை கோழியிடம் எடுப்பது? நோய் தெரியும் கோழி இருந்தால் ஐந்தாறு போதும், நல்ல கோழியிடம் எடுப்பது வீண். வெளியில் எதுவும் தெரியாமல் கூட்டத்தில் நோய் இருக்கிறதா என்று தேடினால் கணக்கு மாறும்: பத்தில் ஒன்றுக்கு இருந்தால் பிடிக்க முப்பது கோழி, இருபதில் ஒன்றுக்கு இருந்தால் அறுபது. இது 95 சதவீத நம்பிக்கைக்கான எண்ணிக்கை.

கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாவது டப்பா, வெளியே கெட்டிப் பெட்டி என மூன்றடுக்காகக் கட்டுங்கள். நோய் மாதிரி என்றால் பெட்டியின் மேல் யுஎன் 3373 (நோய்க்கிருமி இருக்கக்கூடிய மாதிரி என்று காட்டுவது) குறியீடு வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் எண் அழியாமல் இருக்க வேண்டும், பனியில் நனைந்து அழிந்துபோன எண்ணோடு வரும் இருபது குழாயை வைத்து ஆய்வகம் என்ன செய்யும்? படிவத்தில் வயது, மொத்தக் கோழி, எத்தனை நோய், எத்தனை சாவு, எந்த நாளில் தொடங்கியது, எந்த மருந்தை எந்த நாளில் எந்த வழியாகக் கொடுத்தீர்கள், தொகுதி எண், ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா, இதெல்லாம் வேண்டும். "கோழி நோய் - பரிசோதிக்கவும்" என்று எழுதி அனுப்பினால் எதைத் தேடுவது என்று அவர்களுக்கும் தெரியாது. "வெள்ளைக்கழிச்சலா, ஊசி எதிர்வினையா என்று பிரிக்க வேண்டும்" என்று எழுதினால் எந்தப் பரிசோதனை என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

இன்னொன்று, நோய் தொடங்கிய நாளில் எடுத்த சீரத்தில் ஒரு பகுதியை உறைய வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே கூட்டத்தில் மறுபடி எடுத்து இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆய்வகத்தில் ஓட்டினால்தான் டைட்டர் ஏறியிருக்கிறதா என்று சொல்ல முடியும், முதல் சீரம் கையில் இல்லாவிட்டால் இரண்டாவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.